சூசையப்பரின் மூக்கைக் குடித்த ஊர்

சிசிலித் தீவில் த்ராப்பனியின் சிற்பிகள் தெருவுக்குப் போய் நிக்காசு வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மடிப்பு நிக்காசு என்று கேட்க வேண்டும். அப்போதுதான் வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை, உரித்த தோலாலேயே அதோ என்று கைகாட்டுவாள். முப்பத்தோரு வருஷம் அந்த மனுஷர் செதுக்கினது துணி மடிப்பு மட்டும்தான். மாதாவின் முக்காடு, சம்மனசுகள் என்கிற தேவதூதர்களின் பாவாடை, வேதசாட்சிகள் செத்து விழும்போது காற்றில் பறக்கிற மேலாடை, எல்லாம் அவர் கை. நம் ஊர் ஆட்களுக்குச் சாமி சும்மா நின்றால் பிடிக்காது. புயலில் மாட்டிக்கொண்ட மாதிரி துணி பறக்க வேண்டும், அப்போதுதான் முழங்காலில் விழுவார்கள்.

பட்டறையில் வேலை பிரித்திருந்தது. ஒருத்தன் கல்லை உருட்டி ஆளாக்குவான், ஒருத்தன் கைகால், நிக்காசு துணி. முகம் மட்டும் பெரிய மேஸ்திரி. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. முகம் முடிந்து சிலை வெளியே வரும்போதுதான் தான் யாருக்குத் துணி உடுத்தினோம் என்பதே நிக்காசுவுக்குத் தெரியும். "நானும் ஒரு முகம் போட்டுப் பாக்கட்டுமா மேஸ்திரி?" என்று வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம் ஒரு தடவை கேட்டார். பட்டறையே சிரித்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஆசை போய்விடுமா என்ன? அடுப்படிப் பூனை மாதிரி அது ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது.

கல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் பக்கத்துக் கல் அலபாஸ்டர், வேதப்புத்தகத்தில் வருகிற வெள்ளைக்கல். நகத்தால் கீறினாலே கோடு விழும், பேனாக்கத்தியால் சீவலாம், பின்னால் மெழுகுவர்த்தி வைத்தால் கன்னம் சிவக்கும். சின்னச் சாமி செய்ய அதைவிட நல்ல கல் கிடையாது. ஒரே ஒரு குறை, தண்ணீர் ஆகாது. துளித்துளியாகக் கரைந்துவிடும். பட்டறைக்குள் தண்ணீர்ச் செம்பு வரக்கூடாது, நெற்றியில் வேர்வைத்துணி கட்டாமல் உட்காரக்கூடாது, தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்ம வேண்டும். இது த்ராப்பனியில் சிற்பிகள் தெருவுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கழுதையில் போனால் வருகிற போர்த்தசாலிக்குத் தெரியாது.

பெரிய மேஸ்திரி கண்ணை மூடினார். பட்டறை மருமகன் கைக்குப் போனது. நாற்பத்தாறு வயதில் நிக்காசு தன் வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தே இருந்தார். மடிப்பு நிக்காசுவிடம் முகம் வைத்த சாமியை யார் கேட்பார்கள்? அப்போதுதான் ஒரு நாள் போர்த்தசாலியிலிருந்து தொன் லியோலூக்கா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கோதுமை நிலமும் கனத்த குரலும் உடையவர், மாதாவின் கணவரான சூசையப்பர் பேரில் அந்த ஊரில் இருந்த சபைக்குத் தலைவர். பெரிய கோயில் மாதாவுக்கு அற்புதமாக உடுப்புச் செதுக்கியவர் யார் என்று விசாரித்திருக்கிறார். யாரோ இந்த வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஒரு முழத்தில் ஒரு சூசையப்பர் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களிடம் இருப்பது மரச்சாமி, செல்லரித்தது. ஆகவே இவர்களுக்குச் சலவைக்கல்லில் வேண்டும்.

"சலவைக்கல்லுதானே மேஸ்திரி? நாளைக்கு எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் லியோலூக்கா.

சலவைக்கல் கப்பலில் வருகிற சரக்கு. நிக்காசு அதை ஆயுசில் உளி வைத்துத் தொட்டதில்லை. இல்லை என்று சொன்னால் இந்த ஆள் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார், முகமும் போய்விடும். "சலவைக்கல்லேதான்" என்றார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அவ்வளவு கெட்டிக்காரர்கூட இல்லை, அந்தப் புளுகு ஆறு வருஷம் ஓடியது.

துணி ஒரு வாரத்தில் முடிந்தது. முகத்துக்கு நாலு மாசம். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார், பெரிய மேஸ்திரி மாதிரியே. சாமி முகம் என்றால் கண் மேலே செருக வேண்டும், வாய் அரைகுறையாகத் திறந்திருக்க வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். நிக்காசுவுக்கு அது வரவில்லை. வந்தது வேறொரு முகம். பகல் முழுக்கத் தச்சுவேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு மனுஷன், களைப்பு, கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் எரிச்சல். முடித்த அன்று மனைவி நின்ஃபாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அடுப்புக் கரியைத் துடைத்துக்கொண்டே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கஞ்சி இன்னும் ஆகலையான்னு கேக்குற மாதிரியே இருக்கு" என்றாள். "அப்படியே நீங்கதான்."

நிக்காசுவுக்குச் சுருக்கென்றது. தன் முகத்தை அவர் நினைக்கவே இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கஞ்சி குடிக்கும்போது எழுந்து எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

போர்த்தசாலிக் கோயிலில் சூசையப்பர் ஏறிய பிறகு நிக்காசு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே பூசைக்குப் போனார். சூசையப்பர் மேல் இவ்வளவு பக்தியா என்று அங்கே வியந்தார்கள். பக்தியாவது ஒன்றாவது, மனுஷர் போனது முகத்தைப் பார்க்க. கடைசி வரிசையில் தூணோரம் நின்று யாராவது அதைப் பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சொல்வார்கள், சொல்லாமல் என்ன. அந்தத் துணியைப் பார், இடுப்பில் எப்படிச் சுருங்குகிறது பார், தொட்டால் நழுவும் போலிருக்கிறது என்பார்கள். ஆறு வருஷத்தில் முகம் என்ற வார்த்தை ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. போகட்டும், இருக்கிறதே, அது போதும் என்று திரும்பி நடப்பார். அவர் செதுக்கியதில் முகம் வைத்தது உலகத்தில் அது ஒன்றுதான்.

ஏழாம் வருஷம் மழை பொய்த்தது. அந்த வருஷம் எந்த ராஜா ஆண்டார் என்று கேட்காதீர்கள், சிசிலிக்கு ராஜா அடிக்கடி மாறிக்கொண்டிருந்த காலம் அது. ராஜா யாராயிருந்தாலும் மழைக்குப் பொறுப்பு சூசையப்பர். நவம்பரில் தூறியது, அவ்வளவுதான். மார்ச்சில் திருவிழாவுக்கு வழக்கம்போல அவர் முன்னால் ரொட்டியும் பெருஞ்சீரகத் தழையும் பொரித்த மீனும் அடுக்கினார்கள். சாமி ஏற்றுக்கொண்டார், வானம் வெளுத்தபடியே இருந்தது. தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறாரே என்று ஊருக்குக் கோபம் வந்துவிட்டது.

நம் ஆட்கள் சாமியைக் கும்பிடுவதில் எவ்வளவு தாராளமோ தண்டிப்பதிலும் அவ்வளவு. முதலில் சூசையப்பரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். அந்த ஞாயிறு நிக்காசு அத்தனை தூரம் நடந்து வந்து முதுகைப் பார்த்துவிட்டுப் போனார். மழை வரவில்லை. அடுத்து உப்புப் போட்ட மத்திமீன் ஒன்றை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள், தாகம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியட்டும் என்று. பூனைகள் வந்தன, மழை வரவில்லை. மூன்றாவது தண்டனை கிணறு. இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிடுவது, மழை பெய்தால்தான் மேலே ஏற்றுவது. அதைக் கோயிலில் வைத்து ஊர்கூடிப் பேசினார்கள். பங்குச் சாமியார் ஒனோஃப்ரியோ நல்ல மனுஷர், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். கண்ணைச் சுழற்றித் தூணோரம் நின்ற நிக்காசுவைக் கண்டுபிடித்தார்.

"மேஸ்திரி, உங்க கையால செஞ்சது. தண்ணியில இறக்கினா ஒண்ணும் ஆகாதே?"

"சலவைக்கல்லு சாமி, மழையிலயும் வெயில்லயும் கெடக்குற சாதி" என்று லியோலூக்கா முந்திக்கொண்டார். "சொல்லுங்க மேஸ்திரி, எல்லாரும் கேக்கட்டும்."

கோயில் முழுக்க நிக்காசுவைத் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் முகம் தப்பிக்கும். ஆனால் ஆறு வருஷமாக ஊரை ஏமாற்றியவன் என்று அங்கேயே செருப்பு பறக்கும், சேதி த்ராப்பனிக்குப் போனால் சிற்பிகள் சங்கத்தில் பேரை அடித்துவிடுவார்கள், மடிப்பு செதுக்கக்கூட ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நின்ஃபா என்ன சாப்பிடுவாள்? வாய் திறந்தது.

"சலவைக்கல்லைத் தண்ணி என்ன பண்ணும்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சூசையப்பர் கிணற்றுக்குள் போனார். வறட்சியில் அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான் இருந்தது, ஒரு முழச் சாமிக்கு அது போதும். அதே தண்ணீரைத்தான் ஊர் குடித்தது. காலையிலும் மாலையிலும் வாளிகள் இறங்கி அவரை இடித்துக் கலக்கிவிட்டு ஏறின.

அடுத்த ஞாயிறு நிக்காசு ஒவ்வொருவரிடமாகப் போய்க் கருணை பேசிப் பார்த்தார். ஆறு நாள் தண்டனை போதாதா, வயசான சாமி, சளி பிடிக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். ஊரில் அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி கிடைத்தார், உப்பளக்காரர் காஸ்பரே. சாமிக்கு இப்படி ஒரு அவமானமா, கிறிஸ்தவர்களா நாம், உடனே வெளியே எடுங்கள் என்று காஸ்பரே கண்ணில் நீர் மல்கப் பேசினார். பேச மாட்டாரா? உப்புப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டது, மழை வந்தால் அவர் பிழைப்பு போச்சு. ஊருக்கு அது தெரியும்.

"உங்க பாத்தியில இறக்கிடலாமா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். காஸ்பரே உட்கார்ந்துவிட்டார். நிக்காசுவும் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் முழுக்க இப்படியே போனது. ஞாயிறுதோறும் நிக்காசு கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து பார்ப்பார். ஆழத்தில் வெள்ளையாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். தகப்பனைப் போல உருகுகிறார் என்று பெண்கள் அவரைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் காஸ்பரேயின் மனைவி அவர் நிலையைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு குவளை தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"குடிங்க மேஸ்திரி. அவர் எறங்கின பெறகு தண்ணிக்கு ஒரு தனி ருசி வந்திருக்கு. எங்க வீட்டுல வேற தண்ணியே தொடுறதில்ல."

ஒரு வாய் குடித்தார். நாக்கில் லேசாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு கசப்பு. முப்பத்தேழு வருஷம் அந்தக் கல்லின் தூளை மூச்சில் இழுத்தவருக்கு ருசி தெரியாதா? நாலு மாசம் கதவைச் சாத்திக்கொண்டு செய்த மூக்கை ஊரே ஒரு மாசமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது, இப்போது தானும் ஒரு வாய் குடித்தாகிவிட்டது. குவளையைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் நின்ஃபாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

"பேரு போனா போகட்டும்" என்றாள் அவள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. வலை பின்னி நான் கஞ்சி ஊத்துறேன்."

நாற்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவிடுவது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு புறப்பட்டார். பாதி வழியில் வானம் இருண்டது. உப்பளத்தைத் தாண்டும்போது முதல் துளி விழுந்தது, ஊர் எல்லையை மிதிக்கும்போது கொட்டித் தீர்த்தது. கோயில் மணி அடித்தது, தப்பட்டை கேட்டது. தொப்பலாக நனைந்து அவர் கிணற்றடிக்கு ஓடி வருவதற்குள் சூசையப்பரை மேலே ஏற்றிவிட்டார்கள்.

துணி இருந்தது. ஆழமாக வெட்டின மடிப்பு, கொஞ்சம் மழுங்கி அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஒரு வழவழப்பு. கண் இல்லை, வாய் இல்லை, மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. தப்பட்டை நின்றுவிட்டது. நிக்காசு சேற்றில் முழங்காலிட்டார். கல்லெறி விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

லியோலூக்காவின் குரல்தான் முதலில் வந்தது. அது உடைந்திருந்தது. "நமக்காக அழுதிருக்காருய்யா. நாப்பது நாளும் அழுது அழுது மொகமே கரைஞ்சு போச்சு."

ஊர் மொத்தமும் சேற்றில் விழுந்தது. நிக்காசு ஏற்கெனவே விழுந்திருந்ததால், முதலில் கண்டுகொண்டவர் மேஸ்திரிதான் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கே ஈரத்துணியோடு போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டார்.

"சாமி, அது சலவைக்கல்லு இல்ல. வெள்ளைக்கல்லு. தண்ணி பட்டா கரையும். ஊருக்கு முன்னால பொய் சொன்னேன்."

தட்டியின் மறுபக்கம் சாமியார் வாசல் பக்கமாகக் காதைத் திருப்பினார். வெளியே ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சாச்சு நிக்காசு" என்றார் ஒனோஃப்ரியோ சாமியார். "இனிமே இதை வெளியில பேசாதே. இந்த ரகசியம் தட்டிக்கு ரெண்டு பக்கத்துக்கும்தான்."

பத்து நாளில் மேலிடத்திலிருந்து ஒரு எழுத்தர் காகிதமும் மைக்கூடும் கொண்டு வந்தார், அற்புதத்தை விசாரிக்க. கல் என்ன கல் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சாமியார் நிக்காசுவை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய், உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, கிணற்றில் இறக்கும் முன்னால் கோயிலில் நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டால் அதை மட்டும் சொல் என்றார். எழுத்தர் கேட்டார். நிக்காசு சொன்னார். சிலையைச் செய்த சிற்பியே சலவைக்கல் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறார், சலவைக்கல் தண்ணீரில் கரையாது, ஆகவே அற்புதம் என்று எழுத்தர் எழுதி முடித்தார். அதற்குக் கீழே நிக்காசு சிலுவைக்குறி கீறினார். பொய் சொன்னதற்குத் தண்டனை வரும் என்று காத்திருந்தவருக்குச் சாட்சி என்ற பட்டம் வந்தது.

தண்டனை அதற்குப் பிறகு வந்தது. முகமில்லாச் சூசையப்பரைப் பார்க்க நாலு திசையிலிருந்தும் ஜனம் குவிந்தது. வீட்டில் வைக்க ஒரு சாண் உயரத்தில் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்றார்கள். வேறு யாரிடம் கேட்பார்கள்? த்ராப்பனியில் மடிப்பு நிக்காசு வீடு இப்போது யாரைக் கேட்டாலும் தெரிந்தது. இப்போது ஒருவரும் சலவைக்கல் கேட்கவில்லை, வெள்ளைக்கல்லே போதும் என்றார்கள். முதல் சிலைக்கு அவர் துணியை முடித்து, மேலே உருண்டையாக வழித்து விட்டுவிட்டார். வாங்க வந்த கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னும் மொகம் போடாத கல்லு மேஸ்திரி" என்றார். "அவருக்கு மொகம் இருந்துச்சு. அழுது போனது வேற, மொதல்லயே இல்லாதது வேற."

ஆறு வருஷம் தூணோரம் நின்று எதிர்பார்த்தும் வராத வார்த்தை அன்று வந்தது. நிக்காசு அந்தச் சிலையை உடைத்துப் போட்டார். புதுக் கல்லை எடுத்து முகம் செதுக்கினார், கண்ணிமை, மூக்கு, உதடு, ஒன்றும் விடாமல். பிறகு காலடியில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, முகம் மட்டும் அதில் மூழ்கும்படி கட்டித் தொங்கவிட்டு, ஒரு கரண்டியால் நாள்கணக்கில் கலக்கிக்கொண்டே இருந்தார். தண்ணீர்ச் செம்பே வரக்கூடாது என்று வளர்ந்த மனுஷர். கிழவர் வந்து பார்த்து, இவர்தான் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பதினெட்டு வருஷம் அதுதான் அவருடைய வேலை. முந்நூறுக்கு மேல் முகம் செதுக்கினார். பெரிய மேஸ்திரி ஆயுசுக்கும் அவ்வளவு செய்திருக்க மாட்டார். போகப் போகக் கையும் திருந்தியது. ஒவ்வொன்றையும் வாளிக்கு அனுப்பும் முன்னால் நின்ஃபாவைக் கூப்பிடுவார். அவள் பார்ப்பாள், இதில் கண் நன்றாக வந்திருக்கிறது, போன வாரத்து மூக்கு இதைவிடத் தேவலை என்பாள். அந்த முந்நூறு முகத்தையும் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

ஒரு நாள் அவர் கயிற்றைக் கட்டும்போது அவள் சிலையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இதைக் குடுக்க மாட்டேன், போங்க" என்றாள். அடுப்புக்கு மேலே, ஆவி படாத மூலையாகப் பார்த்து மாடத்தில் வைத்தாள்.

நிக்காசு இறந்தபோது போர்த்தசாலியே திரண்டு வந்தது. ஒனோஃப்ரியோ சாமியாருக்கு அப்போது தள்ளாத வயசு. முகம் செதுக்காமலே முகத்தைக் காட்டிய கைகள் என்று பிரசங்கம் வைத்தார், ஜனங்கள் அழுதார்கள். அடக்கம் முடிந்து கஞ்சி காய்ச்சித் தர வந்த எதிர்வீட்டுப் பெண் அடுப்படியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எந்தச் சாமி சித்தி? மொகமெல்லாம் இருக்கு."

"சாமி இல்லடி" என்றாள் நின்ஃபா. "கஞ்சி ஆச்சான்னு பாத்துக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் கிண்டு."